போட்டியின்றித் தலைவரானவர்

டென்வரில் இருக்கும் அம்மாவுக்கு,

உலகமே காத்திருந்த செய்தி: அப்பா பல்கலைக்கழகப் பேராசிரியர் மன்றத்துக்குத் தலைவராகிவிட்டார்! அவர் பெயரில் விண்ணப்பம் எழுதி, கள்ளக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்த குறும்பு மன்னன் நான்தான். அந்த வேலைக்கு எவரும் வர மாட்டார்கள் அல்லவா? ஒரே பெயரைக் கண்டதும் அத்தனை பேராசிரியர்களும் நிம்மதியாகக் கைதட்டித் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். பழைய தலைவர் ஹால்வர்சன் அப்பாவைக் கட்டிப்பிடித்து அழுதாராம்.

"எவன்டா என்னைக் கோர்த்துவிட்டது?" என்று அப்பா வீட்டுக்கு வந்து கத்தினார்.

"எல்லாம் உங்க புகழ்தான், தலைவரே" என்றேன்.

இப்போது தினமும் கூட்டம். சாப்பாடும் அங்கேயே.

குறும்பு என்று பீற்றிக்கொண்டது பொய், அம்மா. நீ டென்வர் போனதிலிருந்து அவர் வாயே திறக்காமல் இருந்தார். நாலு பேரோடு சண்டையாவது போடட்டும் என்றுதான் செய்தேன். போடுகிறார், நன்றாகவே போடுகிறார். வீட்டில் எனக்குத்தான் பேச ஆளில்லை.

உன் மகன்