நேத்து வெட்டு

சுவீடன்
04.02.2006

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகம். இங்கே முழங்கால் வரை பனி. ஒரு சிக்கல்; போனில் சொன்னால் அம்மா பயந்துவிடுவார், அதனால் எழுதுகிறேன்.

செடி வேர்களைப் பற்றிய என் ஆய்வு முழுவதும் ஒரு பெரிய நுணுக்குக்காட்டியை நம்பித்தான். கொன்போக்கல் என்பார்கள். லேசர் ஒளியால், வேரை வெட்டாமலே உள்ளே அடுக்கடுக்காகப் படம் எடுக்கும். எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். பேர் பதிந்து, முறை வைத்துப் பாவிக்கிறோம். போன செவ்வாய் என் முறை முடிந்தபின் பார்த்தால், எண்ணெய் படவே கூடாத ஒரு கண்ணாடி வில்லையில், வேறு வில்லைகளுக்கு விடும் எண்ணெய் ஏறிப் பழுதாகியிருந்ததாம். கடைசியாக இருந்தவள் நான், ஆகவே நான்தானாம். எனக்கு முன்னால் இருந்தவர் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்.

பொறுப்பாளர் இங்க்ரிட் ஒரு கடிதம் தந்திருக்கிறார். என் கவனக்குறைவு என்று மார்ச் பத்துக்குள் ஒப்பமிட்டால், மே மாதம் மீண்டும் உள்ளே விடுவார்களாம். மறுத்தால் விசாரணை. அது முடியும்வரை கருவியைத் தொட முடியாது. படங்கள் இல்லாமல் பட்டம் இல்லை. ஒப்பமிட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் மகள்,
சுகந்தினி


தெஹியோவிட்ட
17.02.2006

அன்பு மகளுக்கு,

ஒப்பமிடாதே. இதை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வந்ததும் இப்படி வருகிறது. நான் பள்ளி அதிபர் பதவிக்கு மூன்று தடவை விண்ணப்பித்து மூன்று தடவையும் தள்ளப்பட்டவன். தள்ளியவர்களின் பெயர்கள் எனக்கு மனப்பாடம். ஆனால் அவர்களுக்கும் மேலே நான் மறக்காத முதல் பெயர், தோட்டத்து வேலையை மேற்பார்த்த கண்டக்டர் இராமசாமியுடையது. அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. உன் அம்மா வேலைக்குப் போகாத நாளில், பதிலாள் ஒருத்தி அவளுடைய றப்பர் மரத்தை ஆழமாக வெட்டிவிட்டாள். மறுநாள் அம்மாவே காயத்தைக் கண்டு, களிமண் அப்பி, இராமசாமியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அதை அவள் பேரிலேயே எழுதி, கைநாட்டு வாங்கி, பால்வெட்டிலிருந்து புல்லுவெட்டுக்கு இறக்கிவிட்டான். பதினான்கு வருடம். கடைத்தெருவில் அவனைக் கண்டால் இன்றும் நான் மறுபக்கம் போகிறேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். அவள் அழவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, "நேத்து வெட்டப் பாத்துட்டுத்தான் கத்திய வச்சாளானு கேளுங்க" என்றாள். இது றப்பர் மரமில்லை, விஞ்ஞானம் என்றேன்.

"எதுவா இருந்தா என்னங்க. நாலு பேரு வெட்டுற மரந்தானே."

எழுதச் சொன்னாள்; எழுதிவிட்டேன்.

அப்பா,
காத்தமுத்து


சுவீடன்
03.03.2006

அன்புள்ள அப்பா, அம்மா,

அம்மாவின் கேள்வியைப் படித்தேன். பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் ஆய்வுக்கூடத்துக்குப் பனியில் ஓடினேன்.

அப்பா, பள்ளி விடுமுறையில் நான் அம்மாவோடு றப்பர் மலைக்குப் போனதற்குப் பிரம்பால் அடித்தீர்களே, ஞாபகமா? முந்தின நாள் வெட்டைப் பார்த்த பின்பே கத்தி வைக்க வேண்டும் என்று அங்கே பழகியது கையைவிட்டுப் போகவில்லை. என் முறை வந்ததும், வேரை வைப்பதற்கு முன், எல்லோருக்கும் பொதுவான பரிசோதனைக் கண்ணாடியை ஒவ்வொரு வில்லையாலும் ஒரு படம் எடுத்துவிடுவேன். கணினியில் 'நேத்து வெட்டு' என்று பேர் போட்டிருக்கிறேன். வெறும் கைப்பழக்கம். பயத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

அந்தச் செவ்வாய்ப் படம் இருந்தது. நேரம் 2.04. புகை படிந்ததுபோல் மங்கல். என் வேரை வைத்தது 2.11க்கு. அந்த வில்லையை அன்று நான் பிறகு தொடவே இல்லை. மங்கலைக் கண்டவுடனே கூப்பிட்டுக் காட்டாதது என் பிழை, அதையும் இங்க்ரிடிடம் சொன்னேன். முன்னால் இருந்தவரின் படங்களைத் திறந்தார்கள். ஒரு மணிக்குத் தெளிவு. கடைசிப் படத்தில் அதே மங்கல்.

இங்க்ரிட் அந்தக் கடிதத்தை என் முன்னால் கிழித்தார். கிழித்தால் போதாது, எழுதித் தாருங்கள் என்றேன். தந்தார். இப்போது அறைக் கதவில் புது விதி ஒட்டியிருக்கிறது: முதல் படம் எடுக்காமல் எவரும் வேலை தொடங்கக்கூடாது. யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். என் அம்மா, றப்பர் பால் வெட்டினவர் என்றேன்.

நாளைக் காலை எட்டு மணி முறை எனக்கு.

சுகந்தினி


தெஹியோவிட்ட
21.03.2006

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுபக்கம் போகாமல், நேரே இராமசாமியின் வீட்டுக்குப் போனேன். முழுவதும் வாசித்தேன். கதவில் ஒட்டிய விதியை இரண்டு தடவை. எதிர்த்துப் பேசுவான் என்று பதினான்கு வருடமாகப் பதில்கள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனே நம் வீட்டுக்கு வந்தான்.

"ஜெயம்மா, அந்த வெட்டு ஒன்னுது இல்லனு எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எனக்குந்தாங்க தெரியும். டீ ஆறுது, குடிங்க."

அவன் குடித்து முடித்ததும் அம்மா உள்ளே போய் என் கொப்பியையும் பேனையையும் கொண்டுவந்து வைத்தாள். மகள் எழுதி வாங்கியிருக்கிறாள், நீங்களும் எழுதுங்கள் என்றாள். எழுதினான். ஒப்பமும் வைத்தான். ஜெயித்துவிட்டோம் என்று நான் கொப்பியை மூடப்போனேன்.

அம்மா கையை வைத்துத் தடுத்தாள். "இப்ப நீங்க."

மகளே, உனக்கு இதுவரை சொல்லாதது ஒன்று. அன்றைக்கு அம்மா கைநாட்டு வைக்கமாட்டேன் என்றுதான் நின்றாள். வை என்றவன் நான். ஆசிரியர் நியமனம் கைக்கு வரும் நேரம், தோட்டத்தோடு தகராறு வேண்டாம் என்றேன்.

இராமசாமி பார்த்துக்கொண்டிருக்க, அவன் ஒப்பத்துக்குக் கீழே அதை எழுதி ஒப்பமிட்டேன். இரண்டையும் உரக்க வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். என்னுடையதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

கொப்பி இப்போது அவளுடைய டிரங்குப் பெட்டியில், பால்வெட்டுக் கத்திக்கு மேலே இருக்கிறது. சாவி என்னிடம் இல்லை.

அப்பா,
காத்தமுத்து