உன் முத்திரை குத்திய என்ஜின்

அண்ணா, அப்பாவின் வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கூட்டாமல் குறைக்காமல், கசப்பானதைக் கசப்பாகவே எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இனி வருபவை அவருடைய வார்த்தைகள்.

அன்புள்ள மகனுக்கு, நீ சுகமாகத்தான் இருப்பாய், அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. இங்கும் எல்லோரும் சுகம் என்று ஆரம்பிக்கலாமென்றால் உன் தங்கை பேனாவைக் கீழே வைத்துவிட்டு முறைக்கிறாள். ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடிவிட்டது, மாடிப்படி ஏறுவதில்லை, துணியெல்லாம் சமையலறை ஜன்னலிலேயே காய்கிறது. குழாய் ஒழுகுகிறது. ஊர் என்ஜினை எல்லாம் பிரித்துப் பூட்டுகிற மனுஷனுக்கு வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் மாட்டத் துப்பில்லை என்கிறாள், ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. உனக்கு எத்தனையோ முறை போன் செய்தோம், நீ எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தை யாரும் சைலண்டில் போட முடியாது.

பட்டறையில் நடந்ததை உன் கம்பெனிக்காரர்கள் எப்படிச் சொன்னார்களோ, நான் சொல்வதையும் கேள். பழைய டீசல் ரயில் லோகோக்களின் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு, நீங்கள் புதுப்பித்து அனுப்பும் என்ஜினை உள்ளே இறக்குவதுதான் இப்போது எங்கள் வேலை. எந்த என்ஜினையும் முதலில் சும்மா ஓடவிட்டு, நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்டு, பக்கக் கதவுகளைத் திறந்து ஒவ்வொரு பேரிங்கையும் கையால் தொட்டுப் பார்ப்போம். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே கோளாறு. தொட்டுப் பார்க்காமல் லோடு ஏற்றியதே இல்லை. நீங்கள் அனுப்பியதில் கதவுக்குக் கதவு கம்பி கோத்து ஈய முத்திரை குத்தியிருந்தது. அறுக்கப் போனேன். அன்று நீ போனில் என்ன சொன்னாய், அப்பா அத நாந்தான் செக் பண்ணி அனுப்பினேன், அறுத்தா வாரண்டி போயிடும், என் பேரும் கெட்டுடும், அப்படியே ஏத்துங்க என்றாய். முத்திரையில், சோதித்தவர் எண்ணாக உன் எண் இருந்தது. கைத்துணியால் அதைத் துடைத்துவிட்டு எல்லோருக்கும் காட்டினேன். டீயில் நாலு ஸ்பூன் போடுவதால் நாம் சர்க்கரை என்று கூப்பிடுகிற என் கையாள், பையன் போட்ட சீலாமே, கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டுங்கண்ணே என்று கேலி செய்தான். செய்துவிட்டு, நான் சொன்ன இடத்தில், அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே போய் நின்றான்.

முழு லோடு ஏறியதும் உள்ளே பேரிங் சுட்டு எண்ணெய்ப் புகை பற்றிக்கொண்டது. கதவு பிய்த்துக்கொண்டு நெருப்போடு வந்தது. அவனை இழுத்துப் போட்டதில் என் கை வெந்தது, அது ஆறிவிடும். அவனுக்கு இடது கண் இல்லை. உன் கம்பெனி ஆள் ஒருவன் வந்து தலையில் போட்ட ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், என்ஜினை இறக்கிப் பூட்டினவங்க தப்பு என்று சொல்லிவிட்டுப் போனான். விசாரணையில், திறக்க வேண்டாம்னு யார் சொன்னது என்று கேட்டார்கள். நான்தான் என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே, அவனை அங்கே நிறுத்தியவன் நான், அதற்கு உன்னைத் துணைக்குக் கூப்பிட மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் மனைவி என்னைப் பார்த்து, தம்பி நல்லா இருக்கானாண்ணே என்று உன்னை விசாரித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு வந்திருப்பேன்.

நாளை இரண்டாவது லோகோ. அதிலும் உன் எண்தான். திறக்காமலே ஓட்டணும், அறுத்தா வீட்டுக்குப் போயிடலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். காலையில் நான் அறுக்கப் போகிறேன். உள்ளே எல்லாம் ஒழுங்காகவே இருந்தாலும் என் வேலை போகும், இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது போயிருக்கும். போகட்டும், அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இன்னொருவனை நிறுத்த என்னால் முடியாது. உன்னிடம் ஒன்றுதான் கேட்கிறேன். கதவை மூடுவதற்கு முன் நீ உள்ளே கை விட்டுப் பார்த்தாயா? பார்த்தும் தவறியிருந்தால் அப்படியே எழுது, மனிதன் தவறுவான். பார்க்காமல் குத்தியிருந்தால் அதையும் எழுது. எனக்கு வேண்டாம், சர்க்கரைக்கு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள் என்கிறாள் அம்மா. நீண்ட ஆயுளோடு இரு, நாலு பேரை நிமிர்ந்து பார்க்கும்படி இரு. எழுத மறந்துவிடாதே. படிக்க அவனுக்கு இன்னும் ஒரு கண் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா

அண்ணா, அப்பா இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. அதனால் அவர் பெயருக்குப் பதில் அப்பா என்று நானே எழுதியிருக்கிறேன். இப்போது கூடத்தில் உட்கார்ந்து, கம்பி அறுக்கும் கட்டிங் பிளேயரை அந்த இடது கையால் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருக்கிறார். போதும், படுங்க என்று அம்மா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். சத்தம் நிற்கவில்லை. அம்மா கூடத்து விளக்கை அணைத்துவிட்டாள், இருட்டிலும் அந்தச் சத்தம் கேட்கிறது.