குழலில் நின்ற குண்டு

அண்ணா,

அப்பாவின் ஏர்கன் இப்போது சுடுகிறது. அவர் போனபின் பரணைக் காலி செய்தபோது கிடைத்தது. அன்று அவர் கோணியில் சுற்றிக் கட்டிய முடிச்சுகூட அவிழாமல் இருந்தது.

பம்ப்பின் தோல் வாஷர் கருவாடாகக் காய்ந்து கிடந்தது. புதிதாக வெட்டி, இரண்டு நாள் எண்ணெயில் ஊறப்போட்டு மாற்றினேன். கட்டையைத் தேய்த்து மெருகேற்றினேன். "இந்தச் சனியன ஏன்டா நோண்டிட்டு இருக்க?" என்று அக்கா கேட்டாள். இடது கண் இல்லாததால், அந்தப் பக்கம் இருப்பவரை அவள் முழுசாகத் திரும்பித்தான் பார்க்க வேண்டும். அதனால் நான் எப்போதும் இடப்பக்கமே உட்காருகிறேன்.

குழலைச் சுத்தம் செய்யக் கம்பியை விட்டேன். பாதியில் முட்டியது. தட்டித் தள்ளியதும் ஈயக் குண்டு ஒன்று மேசையில் விழுந்தது. அக்காவின் கண் போன அன்று நீ போட்ட ஒரே குண்டு. வாஷர் அப்போதே தேய்ந்திருக்கும், காற்று போதவில்லை.

"குண்டு வெளியவே வரலப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினாய். அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலையே உன்னை வீட்டை விட்டு விரட்டினார்.

"அண்ணன் சுட்டத என் கண்ணால பாத்தேன்" என்று அவரிடம் சொன்னவன் நான். அப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்த உண்டிவில்லை யாரும் பார்க்கவில்லை.

குண்டை இந்த உறையில் வைத்திருக்கிறேன். உண்டிவில்லை இன்று காலை அக்காவிடம் கொடுத்தேன்.

அவள் முழுசாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

உன் தம்பி