நற்பணிக் கேடயம்

பவானி,
23.3.1997

அன்புள்ள மாமாவுக்கு,

சென்னியம்மாள் எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நைஜீரியாவில், உங்கள் கடூனாப் பக்கம், வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். மில்லில் ஷிப்டு முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரை மடமடவென்று குடிக்காதீர்கள், தொண்டை கட்டிக்கொள்ளும். இங்கே தோட்டத்து மோட்டார் சரியாகிவிட்டது. எருமை கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில் நம் பாப்பாவைப் பற்றி ஒரு வரி, என்னைப் பற்றி ஒரு வரி, மீதியெல்லாம் உங்கள் அண்ணன். 'அவர் இல்லையென்றால் எனக்கு இந்த வேலை ஏது? நாலு பேர் முன்னால் அவர் தலையைக் குனிய வைத்துவிட்டாய். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடு' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் போனில் சொன்னதைக் கேட்டு எழுதினீர்கள். நான் சொல்வதையும் ஒருமுறை படித்துவிட்டு, அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

செங்கோடன் அண்ணன் உங்களுக்குப் பெரியப்பா மகன். எனக்கோ பள்ளிக்கூடத் தாளாளர். போதாததற்கு இந்த வட்டாரச் சாரணர் சங்கத்துக்குத் தலைவர் வேறு. நம் பள்ளிச் சாரணியர் படையை நான் ஏற்று இது மூன்றாவது வருடம். அந்தப் படை வருடம் முழுக்க என்ன செய்கிறது என்று உங்களுக்கு ஒரு நாளும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் சிரித்திருப்பீர்கள்.

ஜூலையில் மரம் நடு விழா. மூன்று வருடமும் ஒரே குழி. வேப்பங்கன்றை நட்டு, போட்டோ எடுத்து, கைதட்டிவிட்டு வருவோம். அடுத்த வாரம் ஆடு வந்து தின்றுவிடும். அதுவும் அவர் தோட்டத்து ஆடுதான், வெளியாள் ஆடு இல்லை. ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் தண்ணீர்ப் பந்தல். விடிந்ததிலிருந்து குடம் தூக்கியது பிள்ளைகள். போட்டோக்காரர் வந்த நேரத்தில் டம்ளரைக் கையில் பிடித்தது அண்ணன். அந்த டம்ளருக்காக நின்ற கிழவர் தண்ணீர் கிடைக்காமலே போய்விட்டார், ஏனென்றால் போட்டோ எடுத்து முடித்ததும் அண்ணனே அதைக் குடித்துவிட்டார்.

காந்தி ஜெயந்திக்குத் துப்புரவுப் பணி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மூக்கைப் பிடிக்காமல் நடக்க முடியவில்லை, அங்கே போகலாம் என்றேன். "அங்கெல்லாம் நாத்தமடிக்குமுங்க அம்மிணி, விருந்தாளிங்க எப்படி நிப்பாங்க?" என்று சொல்லி, பள்ளிக்கூட வாசலில் ஆள் விட்டுக் காய்ந்த சருகைக் கொட்ட வைத்து, அதைப் பிள்ளைகளைக் கொண்டு கூட்ட வைத்தார். தீபாவளிக்குப் பட்டாசுப் பாதுகாப்பு ஊர்வலம் போனோம். அது அவர் மச்சினனுடைய பட்டாசுக் கடை வாசலில் போய் முடிந்தது.

டிசம்பரில் போலியோ சொட்டு மருந்து முகாம். அதில்தான் பிள்ளைகள் நிஜமாகவே உழைத்தார்கள். அணித்தலைவி ஃபர்சானாவை உங்களுக்குத் தெரியும், மேட்டூர் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கிற ரசாக் பாய் மகள். செங்கல் சூளைப் பக்கம் குழந்தைகளை ஒருவரும் கொண்டுவரவில்லை என்று கேள்விப்பட்டு, நான்கு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவளே போனாள். ஆளுக்கொரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பின்னால் அம்மாக்களும் வர, அவர்கள் வந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்று அண்ணன் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். அதனால் போட்டோ இல்லை. ஆண்டறிக்கையிலும் அந்த முகாம் இல்லை.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனி எழுதப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

பொங்கல் முடிந்ததும் நற்பணி நாள் வந்தது. ஊர் வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அள்ளிச் சுத்தம் செய்வதென்று அவரே முடிவு செய்தார். நீங்கள் போனபோது அந்த வாய்க்காலில் தண்ணீர் தண்ணீராக ஓடியது. நீங்கள் போனபிறகு அண்ணன் மேட்டுக்காட்டில் சாயப்பட்டறை போட்டார். இப்போது அது ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம். நம் எருமை அதில் இறங்குவதில்லை.

முந்தின நாளே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், பிள்ளைகளை அதில் இறக்க முடியாது என்று. அவர் சிரித்தார். "எனக்குத் தெரியாதுங்களா அம்மிணி? நாளைக்கு ஒருநா பட்டறைய நிறுத்திப்போடறேன். ஒரு சொட்டு வராது. என்ர வாக்குங்க" என்றார். அவர் வாக்கு! காலையில் வாய்க்கால் தெளிவாகத்தான் இருந்தது. பிள்ளைகள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி, பாட்டுப் பாடிக்கொண்டு ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது என்றாள் ஒருத்தி. நிமிர்ந்து பார்த்தேன். மேலேயிருந்து கருநீலமாக வந்துகொண்டிருந்தது. அவசர ஆர்டராம், நிறுத்த முடியவில்லையாம். பின்னால் தெரிந்தது.

நான் விசில் ஊதினேன். பிள்ளைகள் கரையேறத் திரும்பினார்கள். அதே நேரம் கரையில் போட்டிருந்த பந்தலில் இருந்து மைக்கில் அண்ணன் குரல்: "யாரும் மேல வராதீங்க கண்ணுகளா, அப்படியே நில்லுங்க. விருந்தாளி காரு வந்துட்டிருக்குது." மாமா, அந்தப் பிள்ளைகள் நின்றார்கள். சொன்ன சொல் கேட்க வேண்டும் என்று நாம்தானே பழக்கி வைத்திருக்கிறோம்? என்னைப் பார்க்கிறார்கள், பந்தலைப் பார்க்கிறார்கள், காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். போட்டோக்காரர் வேறு, நீலத்தண்ணீர் கலர் போட்டோவில் எடுப்பாக இருக்கும் என்றார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்து இழுத்துக் கரையில் விட்டேன். விருந்தாளி வந்தபோது வாய்க்காலில் நான் ஒருத்திதான் நின்றேன். அந்தப் போட்டோவை யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலமே எல்லோருக்கும் கால் எரிச்சல். மறுநாள் பாதிப் பேருக்கு மேல் கொப்புளம். ஃபர்சானாவுக்குக் குதிகால் தோல் உரிந்துவிட்டது. ரசாக் பாய் அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். சத்தம் போடவில்லை. தாளாளர் அறையில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, காலைத் தூக்கிக் காட்டி, "பாருங்க முதலாளி, இதுக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டார். அண்ணன் காலைப் பார்க்கவே இல்லை. பார்த்தீனியம் செடி பட்டால் இப்படித்தான் அரிக்கும் என்றார். கரையில் அந்தச் செடி மண்டிக் கிடக்கிறதாம். கரையில் நின்ற அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, தண்ணீரில் நின்ற பிள்ளைகளுக்குக் கரையில் இருக்கும் செடி பட்டுவிட்டது! இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. அதோடு விட்டாரா? பிப்ரவரி மாத நற்பணி பார்த்தீனியம் ஒழிப்பு என்று அறிவித்தார். கொப்புளம் வராத பிள்ளைகள் பிடுங்கினார்கள். உடற்பயிற்சி மாஸ்டர் முன்னால் நின்று நடத்திக்கொடுத்தார். அந்த மனிதருக்கு முதுகெலும்பு என்று ஒன்று இருந்தால் அதைச் சட்டைக்கு உள்ளே மடித்து வைத்திருப்பார் போலிருக்கிறது.

பெற்றோர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன், ஒரு மனு எழுதலாம் என்று. ஒரு பிள்ளையின் அம்மா செல்லாத்தாள், பட்டறையில்தான் வேலை. தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். நகக்கண் எல்லாம் கறுத்து, தோல் வெடித்து, அதை என்னவென்று எழுதுவேன்? "புள்ள காலு ஆறிப்போயிருமுங்க டீச்சர். பட்டறையில சீட்டுக் கிழிச்சுப்போட்டா அது ஆறாதுங்க. எங்கள விட்டுப்போடுங்க" என்றாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை அப்படிப் பேச வைத்தவர் மேல்தான் வந்தது. மனுவை எழுதவில்லை.

பிப்ரவரி இருபத்திரண்டாம் தேதி சாரணர் சிந்தனை நாள் விழா. வட்டாரத்திலேயே சிறந்த நற்பணிக்கான கேடயம் யாருக்கு? நம் பள்ளிக்குத்தான். கொடுப்பது யார்? அண்ணன் தலைவராக இருக்கும் சங்கம். வாங்குவது யார்? அண்ணன் தாளாளராக இருக்கும் பள்ளி. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் எட்டிப் பார்க்க, கோயமுத்தூரிலிருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். ஃபர்சானா ஷூ போட முடியாமல் ரப்பர் செருப்போடு வந்திருந்தாள். சீருடை சரியில்லை, மேடைக்கு வேறு பிள்ளையை அனுப்புங்கள் என்று அண்ணன் ஆள் விட்டுச் சொன்னார். அதுவரை நான் பேசுவதாகவே இல்லை மாமா, சத்தியமாக. அந்தப் பிள்ளை எழுந்து, கடைசி வரிசைக்கு நொண்டிக்கொண்டு போனாள். நான் மேடையேறினேன்.

மைக்கில் நான் சொன்னது இவ்வளவுதான்: "இந்தக் கேடயம் எங்களுக்கு வேண்டாம். பிள்ளைகளுடைய கால் வெந்தது செடியால் இல்லை, வாய்க்கால் தண்ணீரால். அந்தத் தண்ணீர் தாளாளர் அய்யாவின் பட்டறையிலிருந்து வருகிறது. சந்தேகம் இருக்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு என்னோடு வரலாம்." யாரும் வரவில்லை. அதிகாரி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "டீச்சருக்குக் கொஞ்ச நாளா ஒடம்பு சொகமில்லீங்க, ஊட்டுக்காரரு வெளிநாடுங்க" என்றார். ஊட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் பொம்பளை வாயில் வருவதெல்லாம் பிதற்றல் என்று அர்த்தமாம். அதிகாரியும் புரிந்ததுபோல் தலையாட்டினார். கேடயத்தை உடற்பயிற்சி மாஸ்டர் வாங்கிக்கொண்டார். எல்லோரும் பந்திக்குப் போனார்கள்.

இப்போது நான் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறேன். சாரணியர் படை இப்போது உடற்பயிற்சி மாஸ்டர் கையில். போன இரண்டு சனிக்கிழமையும் அவர் மைதானத்தில் விசிலோடு நின்றார், பிள்ளைகள் போகவில்லை. ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மொட்டை மாடியில் முதலுதவி சொல்லிக் கொடுத்தேன். செல்லாத்தாள் மகளும் வந்தாள், அம்மாவே அனுப்பினாளாம். ரசாக் பாய் கட்டுத்துணி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருந்தார். பட்டறை நிற்கவில்லை. சாயத்தண்ணீர்க் குழாயை மட்டும் பாலத்துக்கு அந்தப் பக்கம் நீட்டிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லை என்று அர்த்தம், அவருடைய அறிவு அவ்வளவு தூரம்தான் நீளும்.

இனி, அண்ணன் போனில் சொல்லாத ஒன்று. நானும் உங்களுக்கு எழுதாமல் வைத்திருந்தேன், அங்கே தனியாக உட்கார்ந்து என்ன செய்வீர்கள் என்று. நம் பாப்பா லோகப்பிரியாவும் இந்த வருடம் சாரணியரில் சேர்ந்தாள். வாய்க்காலில் அவளும் நின்றாள். இடது கால் இன்னும் ஆறவில்லை. ஈரோடு டாக்டரிடம் வாரம் ஒருமுறை கூட்டிப் போகிறேன். அண்ணன் ஒரு நாள் ஆப்பிளும் திராட்சையும் வாங்கிக்கொண்டு வந்தார். அவள் காலை மடியில் தூக்கி வைத்துப் பார்த்தார். கண் கலங்கினார், அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்மூட்டுப் புள்ளைக்கும் ஆச்சுன்னு வெளில தெரிஞ்சா ஊரு நம்பிப்போடுமுங்க அம்மிணி. யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார். மறு வாரம்தான் பார்த்தீனியம் ஒழிப்பு. கண் கலங்காமல் இருந்திருந்தால்கூட அந்த மனிதரை இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு எழுத வேண்டாம் என்று சொன்னதும் பாப்பாதான். 'அப்பா பயந்துக்குவாங்க' என்கிறாள். கால் வலிக்குப் பயப்படுவீர்கள் என்று நினைக்கிறாள். எனக்குத்தான் வேறு பயம், இதைப் படித்த பிறகும் அண்ணனிடம் மன்னிப்புக் கேள் என்பீர்களோ என்று.

மே மாதம் லீவில் வருகிறீர்கள். கோயமுத்தூர் விமான நிலையத்துக்கு அண்ணன் கார் அனுப்புவார், மாலையோடு அவரே வந்தாலும் வருவார். வழியெல்லாம் என்னைப் பற்றிப் பேசுவார், பணிவாகத்தான் பேசுவார். பெரியவரிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம், ஒரு கடுஞ்சொல்லும் வேண்டாம். அந்தக் காரில் மட்டும் ஏறாதீர்கள் மாமா. பஸ் ஏறி வாருங்கள். எத்தனை மணிக்கு வந்தாலும் நானும் பாப்பாவும் பவானி பஸ் ஸ்டாண்டில் நிற்போம்.

கூடுதுறை சாமி உங்கள் பக்கத்தில் இருக்கட்டும்.

நீங்கள் இறங்கி வருவதைப் பார்த்து நிற்கப்போகும்,
சென்னியம்மாள்