பண்ணை வீட்டில் என் மூக்கு

பிப்ரவரி 4, புதன்

தங்கையின் மாட்டுப் பண்ணைக்கு வந்து சேர்ந்தேன். முதலில் நாற்றம் வந்து வரவேற்றது. மாப்பிள்ளை அதற்குப் பின்னால் வந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கழுவிட்டுத்தான் வந்தேன் மச்சான்" என்றார். எதில் கழுவினார் என்று நான் கேட்கவில்லை.

எனக்குச் சேறு ஆகாது என்பதால் கோடையில் மட்டும்தான் தங்கை கூப்பிடுவாள். இந்த முறை நடுக்கும் குளிரில் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் தங்கற மாதிரி வாண்ணா" என்று கெஞ்சினாள். என்னவோ என்று பயந்து ஓடி வந்தால், ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறாள்.

என் அறையின் மெத்தை ஈரம். தலையணையில் ஏற்கெனவே ஒரு நாய் படுத்திருந்ததற்கான எல்லாத் தடயங்களும் உள்ளன. கரண்டி எடுக்க அலமாரியைத் திறந்தேன். மாட்டுக்குப் போடும் ஊசி கரண்டிகளோடு சமத்துவமாகக் கிடந்தது.

பிப்ரவரி 5

காலையில் டீ கொடுத்தாள். நான் முதல் வாய் குடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உபசாரம் என்று நினைத்தேன்.

"என்னண்ணா, சரியில்லையா?"

"பால் கெட்டுப்போச்சு."

மறுபேச்சில்லாமல் தன் டீயையும் தொட்டியில் கொட்டினாள். தொழுவம் நிறைய மாட்டை வைத்துக்கொண்டு விருந்தாளிக்குக் கெட்ட பால் கொடுப்பதற்குத் தனித் திறமை வேண்டும்.

பிப்ரவரி 7

அடுப்புக்குப் பின்னால் செத்த எலி. இன்றைக்குச் செத்ததல்ல, அதற்கென்று ஒரு குடிமக்கள் கூட்டமே உருவாகியிருந்தது. நான்தான் கண்டுபிடித்தேன். அதற்கு ஒரு முழத் தூரத்தில் நின்று இவள் சமைத்திருக்கிறாள். அதை நான் சாப்பிட்டிருக்கிறேன்.

நனைந்த செருப்பை வாசலில் விட்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு ஊரைக் கூட்டியவள் இவள். கல்யாணம் ஒருவரை இப்படி மாற்றும் என்றால் நான் தப்பித்தவன்தான்.

சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளையின் மனைவி புராணம். குளிர்காலத்தில் பச்சைப் புல் கிடையாது. சோளத்தட்டையை நறுக்கிக் குழியில் அழுத்தி, பிளாஸ்டிக் தாளால் மூடி, மேலே பழைய டயர்களை அடுக்கிப் புளிக்க வைக்கிறார்கள். அதுதான் தீவனம். காற்றுப் புகுந்தால் உள்ளே பூஞ்சை பிடித்து விஷமாகும்.

"பார்வைக்கு ஒண்ணும் தெரியாது மச்சான். உங்க தங்கச்சி ஒரு கை அள்ளி மோந்து பாத்தாப் போதும், ஆகும் ஆகாதுன்னு சொல்லிடுவா. அவ மூக்கை நம்பித்தான் இந்தப் பண்ணையே ஓடுது. என்னுது மாடு உதைச்ச அன்னிக்கே போச்சு. இப்ப சும்மா அழகுக்கு இருக்கு."

அழகு என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கை தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

பிப்ரவரி 8

வெந்நீர் இல்லை. குளிக்கவில்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பிப்ரவரி 10

கறுப்பி என்ற சினை மாடு மாதம் நிறையாமல் நேற்று கன்று வீசிவிட்டது. தொழுவத்து வைக்கோலில் கிடந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கலாம். பார்த்தேன். இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. போன மாதம் இன்னொரு மாட்டுக்கும் இதே கதியாம்.

மாட்டு டாக்டர் வந்து ரத்தம் எடுத்தார். "தொத்து நோயாக்கூட இருக்கலாம். ரிசல்ட் வர வரைக்கும் தனியாக் கட்டுங்க."

அவர் போனதும் மாப்பிள்ளை, "அதுக்குள்ள மிச்ச சினை மாட்டுக்கெல்லாம் பரவிடும். வெள்ளிக்கிழமை கறிக்கடைக்காரனை வரச் சொல்றேன், கறுப்பியை ஏத்தி விட்டுடலாம்" என்றார். குரல் சரியாக இல்லை. கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்து வளர்த்த மாடாம்.

தங்கை குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 11

எலி விஷயமாக அவளிடம் தனியே நாலு வார்த்தை பேசத்தான் விடியலில் எழுந்து தீவனக் குழிக்குப் போனேன். அவள் தாளைத் தூக்கினாள். அந்த நாற்றம்! மக்கிய வெண்ணெய், ஈரச் சாக்கு, யாரோ எடுத்த வாந்தி. என் பங்குக்கு நானும் ஓரமாகப் போய் எடுத்தேன். திரும்பி வந்தால், அவள் பாட்டுக்குக் கூடையில் அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"இதையா போடப்போற?"

கை நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். "அவ்வளவு மோசமாவா இருக்கு?"

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. கேட்டதும் ஒப்புக்கொண்டாள். மழைக்காலத்தில் வந்த காய்ச்சலோடு அவளுக்கு வாசனை மொத்தமும் போய்விட்டது. திரும்பவில்லை.

"அதுக்கா என்னை வரவழைச்சே?"

"நம்ம குடும்பத்துல உன்ன மாதிரி மூஞ்சியச் சுளிக்கறவங்க வேற யாரு இருக்கா? சமையல் உன் மூஞ்சியப் பாத்துத்தான் நடக்குது. குழிக்கும் கூட்டிட்டு வரலாம்னா நீ எட்டு மணிக்கு முன்னால எழுந்திருக்கவே மாட்டேங்கற."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு."

"ஊரெல்லாம் என் மூக்கைப் பத்திப் பீத்திக்கிட்டிருக்கார். ரெண்டு கன்னையும் கொன்னது அந்த மூக்குதான்னு எப்படிண்ணா சொல்லுவேன்?"

நல்ல தீவனம் வேறொரு மூலையில் கிடைத்தது. நான் மோந்து சொன்னேன். ஆனால் கறுப்பி? நானே சொல்லிவிடவா? சொன்னால் இவ என்ன ஆவா? சொல்லலேன்னா அந்த மாடு? அதுக்கு ஒரு வியாதியும் இல்லையே, எழவு — சோத்தை நம்பித் தின்னுச்சு, அவ்வளவுதானே.

பிப்ரவரி 13, வெள்ளி

கறிக்கடைக்காரர் வண்டியோடு வந்தார். சட்டையில் அவர் தொழிலின் சரித்திரம் முழுக்க இருந்தது. மாப்பிள்ளை கறுப்பியை அவிழ்த்து நடத்தி வந்தபோது, தங்கை வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் மூக்கு செத்துப்போச்சு."

அவருக்குப் புரியவில்லை. அங்கேயே, அந்நிய மனிதர் முன்னால், எல்லாவற்றையும் சொன்னாள். கறிக்கடைக்காரர் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து, "முடிவு பண்ணிச் சொல்லுங்க, எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு" என்றார்.

மாப்பிள்ளை குழிக்குப் போனார். ஒரு கை அள்ளி வந்து, என் மூக்குக்கு நேராக நீட்டினார். "மச்சான்?"

நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வயிறே சாட்சி சொன்னது. அவர் அதை வீசியெறிந்துவிட்டுக் கறுப்பியைத் தொழுவத்துக்குத் திருப்பினார்.

பிறகு சாயங்காலம்வரை மூன்று பேரும் கெட்டதை வாரிக் கொட்டினோம். அந்த நாற்றம் என் நகக்கண்ணில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. மாப்பிள்ளை சாப்பிடும்போதுதான் கேட்டார்.

"காய்ச்சல்லேர்ந்தா?"

"ம்."

"எம்மேல அடிக்கற நாத்தம்கூடவா?"

"ம்."

"அதான் இத்தனை நாளாச் சண்டையில்லாம இருந்துச்சா."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அது சீக்கிரமே வேறு ஏதோவாக மாறியது. நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 19

ரத்தப் பரிசோதனை வந்தது. தொற்று இல்லை. விடியலில் எழுந்து குமட்டுவது என் உத்தியோகமாகிவிட்டது. ஊருக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் உட்பட.

மார்ச் 9

செவலை என்ற இன்னொரு சினை மாடு கன்று போட்டது. மாதம் நிறைந்து, உயிரோடு. பார்த்தவரையில் கோழையும் ரத்தமும் கால்களும்தான். தாய் அதை நக்கிய விதத்தை எழுதப்போவதில்லை. மாப்பிள்ளை வைக்கோலால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார். தங்கை கன்றின் கழுத்தில் முகத்தைப் புதைத்து இழுத்து இழுத்து மூச்சு வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எப்படிண்ணா இருக்கு?"

"அருவருப்பா."

"எப்படி அருவருப்பு? சரியாச் சொல்லு."

மண்டியிட்டேன். கன்று என் முகத்தில் தும்மியது.

"ரத்தம். ஈரக் கம்பளி. துருப்பிடிச்ச சாவி."

"அப்புறம்?"

"புளிச்ச மாவு. அடியில கொஞ்சம் தித்திப்பா என்னவோ."

"என்ன தித்திப்பு?"

"தெரியல. இரு" என்று மறுபடியும் குனிந்தேன்.