இருமலைக் குற்றமாக்கிய மடம்

நவ. 8, சனி
சிஸ்டர் ஆக்னஸின் நெஞ்சைக் கெடுத்தது மடத்தை நடத்திய பழைய மதர்தான். மூன்று வருடம், மழையிலும் சலவைத் தொட்டியில் நிற்க வைத்தார். இருமினால் மௌனத்தைக் கலைத்தாளாம். வெள்ளிக்கிழமை குற்ற அறிக்கையில் எல்லோர் முன்னும் முழந்தாளிட்டுச் சொல்ல வேண்டும்.

இன்று அவர் கப்பலேறப் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்குப் போய்விட்டார். வரிசையில் நின்று பாடி அனுப்பினோம். நான் வாயை மட்டும் அசைத்தேன்.

மாலை, புதிய மதர். கிள்ளான் மடத்திலிருந்து ரயிலில். தன் பெட்டியைத் தானே தூக்கி வந்தார்.

"நம்பாத லா," என்றாள் ஆக்னஸ். "மொத நாளு எல்லாரும் பெட்டி தூக்குவாங்க."

நவ. 10, திங்கள்
மழை. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் முழுக்க ஈரம். துணி காயவில்லை.

முன்பெல்லாம் மணியை இரண்டு முறை தட்டினால் மதர் கூப்பிடுகிறார் என்று நான் ஓட வேண்டும். இன்று மணி இல்லை. மதரே சலவை அறைக்கு வந்தார். ஆக்னஸ் இருமியதைக் கேட்டார், நெற்றியைத் தொட்டார், ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

டாக்டர் சொன்னது: காசம் இல்லை. ஒரு மாதம் தண்ணீரில் கை வைக்கக் கூடாது.

காசம் இல்லை. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

இந்த நோட்டு இஸ்திரி மேசையில் கிடந்தது. மதர் எடுத்தார்; ஈரம் படாத பக்கம் வைத்தார்; திறக்கவில்லை. பழையவர் தலையணையைக்கூடப் புரட்டுவார்.

நவ. 12, புதன்
சவுக்காரம் தீர்ந்தது. இப்போது முழந்தாளிட்டுக் கேட்க வேண்டாம், சாமான் அறைச் சாவி ஆணியில் தொங்குகிறது. ஒன்று போதும், மூன்று கட்டி எடுத்தேன்.

கதவில் புதிய வேலைப் பட்டியல். சலவையில் ஆக்னஸ் பெயர் இல்லை. அந்த இடத்தில் யாரும் இல்லை. மீதி நாங்கள் மூன்று தமிழ் சிஸ்டர்கள். என் பெயர் இரண்டு முறை. வெள்ளைக்கார சிஸ்டர்களுக்கு வகுப்பு, பியானோ, பீடத்துப் பூ.

"திங்கக்கிழம நான் தொட்டில எறங்கிடறேன்," என்றாள் ஆக்னஸ், பீன்ஸ் நறுக்கியபடி. "நீ ஒருத்தி ரெண்டு பேரு வேலைய எப்படிப் பாப்ப?"

"டாக்டர் சொன்னது?"

"டாக்டரா வந்து தொவைப்பாரு?"

நவ. 14, வெள்ளி
குற்ற அறிக்கை. மதர் முதலில் தானே முழந்தாளிட்டார். சமையலறையில் கோபப்பட்டாராம். ஒரு மதர் முழந்தாளிட்டு இதுவரை பார்த்ததில்லை. நடுவில் ஆக்னஸ் இருமினாள். யாரும் திரும்பவில்லை.

என் முறை.

"கேக்க வேண்டியதக் கேக்காம இருந்தேன், மதர்."

"இப்போது கேளுங்கள், சிஸ்டர்."

"சலவைப் பட்டியல்ல ஆக்னஸ் எடத்துல ஒரு வெள்ளக்கார சிஸ்டர் பேர எழுதுங்க. திங்கக்கிழமைக்கு முன்னாடி."

மதர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. பிறகு எனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"அடுத்த சிஸ்டர்," என்றார். நான் கேட்டதற்கு அவ்வளவுதான் பதில்.