ஏரியில் இறங்கிய விமானமும் எஞ்சினுக்குள் உறைந்த பனியும்

என்னோடு மீன்கூடையையும் கோபத்தையும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்ட கன்னியம்மாவுக்கு,

இறந்தவர்களிடம் நலம் விசாரிக்கும் முறையை நான் அறியேன். ஆகவே நேரே செய்திக்கு வருகிறேன். இல்லை, நேரே வரமாட்டேன். முடிவை முதலில் சொல்லிவிட்டால், "சரிடி, வெயில்ல மீன் காயுது" என்று பாதியில் எழுந்துவிடுவாய். உயிரோடு இருந்தபோது ஒரு கதையையாவது என்னை முடிக்க விட்டாயா? இம்முறை தப்பிக்க வழியில்லை.

இக்கடிதத்தை நம் வட்டாரப் பத்திரிகைக்கும் அனுப்பவிருக்கிறேன். பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டுத் தூக்கமின்றிக் கிடக்கும் மற்ற தாய்மார்களும் வாசிக்கட்டும். "இன்னாடி, ரேடியோ பொட்டி மாரி பேசுற" என்று நீ கேலி செய்த அதே நடையில்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. படிப்பை நான் விடவில்லை. என் மொழி நானே சம்பாதித்தது. அதை மாற்றிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

அந்தக் காலை உனக்கு நினைவிருக்கிறதா? மழை விட்டிருந்தது. உடம்பெல்லாம் பிசுபிசுக்கும் புழுக்கம். ஏரியின் நடுவே பூநாரைகள் கூட்டமாக நின்றன. ஒற்றை எஞ்சின் கொண்ட சிறிய பயிற்சி விமானம் ஒன்று அவற்றைச் சுற்றிக்கொண்டு மெல்ல மெல்லத் தாழ்ந்தது. அதன் சத்தம் குறைந்தது, இருமியது, நின்றுவிட்டது. கரையில் நின்ற நாம் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். உன் இடுப்பில் கைக்குழந்தையாகப் பவானி இருந்தாள்.

முழங்கால் தண்ணீரில் சேற்றைக் கிழித்துக்கொண்டு வந்த விமானம், முன்சக்கரம் புதைய நின்றது. கவிழாதது அதிசயம். உள்ளே இருந்த பயிற்சியாளருக்கும் மாணவருக்கும் சிறு கீறல்தான். அதற்குப் பின் நம் ஆட்கள் நடத்திய கூத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு அடங்குவதில்லை. ஏரியில் வலையிடும் உரிமையை நாம் முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறோம் அல்லவா? அதற்குப் பாடு என்று பெயர் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். எவருடைய பாடோ, அவ்விடத்தில் அன்று கிடைப்பதெல்லாம் அவருக்கே. அன்றைய பாடு உன் கணவர் ஏழுமலையினுடையது.

"எங்க எடத்துல வந்து வுழுந்துச்சி, எங்களுக்குத்தான்!" என்று அவர் இடுப்பளவு பெருமையோடு தண்ணீரில் நின்றார்.

"வாலு இன்னா உன் எடத்துலயா கீது? நல்லா பாரு நைனா, வாலு எங்க பக்கம்!" என்றார் பக்கத்து இடத்தில் பாடு வைத்திருந்தவர்.

இறக்கையின் மேல் ஏறி, காலணிகளைக் கையில் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்த பயிற்சியாளர் கத்தினார்: "யோவ், மொதல்ல எங்கள கரை சேருங்கய்யா!"

"கொஞ்சம் இரு சார். பங்கு முடிவாவட்டும்."

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். விமானத்தைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். எஞ்சின் ஏன் நின்றது என்று நமக்கு ஒருவரும் சொல்லவில்லை. பறவை மோதிற்று என்றார்கள் சிலர். ஏரிக்கரையிலுள்ள பழைய ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்துக்கு மேலே தாழப் பறந்ததால், வாசலில் நிற்கும் கல் எலும்புக்கூடுகள் இழுத்துவிட்டன என்றார்கள் பெரியவர்கள். நீ இரண்டையும் ஏற்கவில்லை. உன்னை நான் மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மருத்துவமனைக் கட்டிலில், குரல் இறங்கிப்போன பிறகும், நீ அதைத்தான் பேசினாய். விமானம் ஓட்டப் படிக்க வேண்டும் என்று பவானி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்த காலம் அது. "ரஞ்சிதம், அது படிக்கட்டும். ஆனா அன்னிக்கி வுழுந்துச்சே, அந்த மாரி வண்டில மட்டும் ஏத்தாத. ஏன் நின்னுச்சினு ஒருத்தனும் சொல்லல. காரணம் தெரியாத வண்டில எம்பொண்ணு ஏறக்கூடாது. சத்தியம் பண்ணு." நான் உன் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

உதவித்தொகை கிடைத்து வெளியூர்ப் பயிற்சிப் பள்ளியில் பவானி சேர்ந்தாள். முதல் வாரமே புகைப்படம் அனுப்பினாள். கன்னியம்மா, அதே மேல் இறக்கை, அதே மூன்று சக்கரம், அதே மூக்கு. அது என்ன ரகம் என்று கேட்டேன். நம் ஏரியில் இறங்கிய அதே ரகம்தான். எத்தனையோ நாடுகளில் மாணவர்கள் அதில்தான் பழகுகிறார்களாம். உனக்குச் செய்த சத்தியத்தைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

அவள் சொன்னாள்: "நீ வேணான்னா நான் மூட்டை கட்டிகினு வந்துடறேன் பெரிம்மா. ஆனா அம்மா பறக்காதன்னு சொல்லலியே. காரணம் தெரியாம ஏறாதன்னுதான சொல்லிச்சி? நான் சொன்னா எனக்காகச் சொல்றேன்னு நெனப்ப. நீயே தேடிப் பாரு. தனியா பறக்கறதுக்கு முன்னாடி சொல்லிடு."

வழக்கறிஞராக வேண்டியவள் உன் மகள். அவள் எதிர்காலம் முழுவதும் என் ஒரு சொல்லில் தொங்கியது. வா என்றால் படிப்பு பறிபோகும். பற என்றால் உயிரே பறிபோகலாம். நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயே சொல்?

படித்தேன். அந்த ரக விமானம் எங்கெங்கு விழுந்தது, ஏன் விழுந்தது என்று பல நாட்டுப் புலனாய்வாளர்கள் எழுதிய அறிக்கைகள் இணையத்தில் எவரும் வாசிக்கும்படி கிடக்கின்றன. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இறால் உரித்த கையைக் கழுவியதும் அமர்ந்துவிடுவேன். ரயிலில் அனுப்பம்பட்டில் இறங்க வேண்டியவள் வாசித்துக்கொண்டே பொன்னேரி வரைக்கும் போன கதையும் உண்டு.

நான் எதிர்பார்த்தது பேய்க் கதை. கிடைத்ததோ நம் படகுத்துறைக் கதை. எரிபொருளை அளந்து பார்க்காமல் கிளம்பியவர்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்திருந்ததை வடித்துப் பார்க்காதவர்கள். தரைக்கு அருகில், வேகம் குறைந்த நேரத்தில், கீழே எதையோ பார்க்கச் சட்டென்று திரும்பியவர்கள். பக்கக்காற்றில் அவசரமாக இறங்கி முன்சக்கரத்தை ஒடித்தவர்கள். இயந்திரம் தானே செத்ததை விட, மனிதர் கவனம் தவறியதே அதிகமாகக் கண்ணில் பட்டது. ஆனால் நம் விமானம்? அதில் எரிபொருள் இருந்ததை நாமே கண்டோம். ஏரியில் வானவில்லாக மிதந்ததே.

அப்போதுதான் ஒரு புதுச் சொல் கண்ணில் பட்டது. கார்புரேட்டரில் பனி. அந்த வகை எஞ்சினில், எரிபொருள் காற்றோடு கலந்து ஆவியாகும் குறுகிய தொண்டை ஒன்று இருக்கிறது. ஆவியாகும்போது அது சூட்டை இழுத்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த ஈரம் அங்கேயே உறைந்து தொண்டையை அடைக்கும். வெயில் ஊரிலும் நடக்கும். எஞ்சினின் வேகத்தைக் குறைத்துத் தாழ இறங்கும்போது அபாயம் கூடும். சூடான காற்றை உள்ளே விட ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் பனி உருகிவிடும். இழுக்க மறந்தால் எஞ்சின் இருமி நின்றுவிடும். நின்ற பிறகு எஞ்சினின் சூட்டிலேயே பனி உருகிவிடுவதால், தேடுபவர்களுக்குத் தடயமே மிஞ்சுவதில்லை!

நான் கூவிவிட்டேன். ஓடிப்போய் மீன் ஏலம் போடும் கரையில் சொன்னேன். நம் ஜனங்கள் என்னை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா?

"இன்னாது, எஞ்சினுக்குள்ள ஐசா? நம்ம ஊரு வெயிலுக்கா?" என்றாள் இறால் விற்கும் குப்பு. "அப்ப ஐஸ்காரன் இன்னாத்துக்கு? நாலு ஏரோப்ளேன் வாங்கி வுடு ரஞ்சிதக்கா, வஞ்சிரத்த அதுலயே வச்சிடலாம்!"

கரை முழுவதும் சிரித்தது. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஏழுமலை கையை அப்படியே நிறுத்தினார்.

"ஜில்லுனு இருந்துச்சி" என்றார்.

"எது அண்ணா?"

"அன்னிக்கி மொத ஆளா போயி மூடியத் தொறந்து கைய வுட்டனே. நம்ம எடத்துல வுழுந்தது, உள்ள இன்னா கீதுனு பாக்க வேணாவா? மேல தொட்டா கை பொத்துப் போச்சி. அடியில ஒரு குழா, ஐஸ் பொட்டில கைய வுட்ட மாரி ஜில்லுனு. ஊட்டுல சொன்னேன். கன்னி இன்னா சொல்லிச்சி தெரியுமா? 'பயத்துல ஒனக்குக் கை வெறச்சிப் போச்சி, கம்முனு சோறு துன்னு'ன்னுச்சி. அப்புறம் யாருகிட்டயும் சொல்லல."

கன்னியம்மா! உன்னை உலுக்க வேண்டும் போலிருந்தது. காரணம் தெரியவில்லை என்று நீ ஏங்கிய அத்தனை ஆண்டுகளும் அது உன் அடுக்களையிலேயே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறது. மீனுக்குப் பங்கு கேட்பதுபோல் விமானத்துக்குள் கைவிட நம் ஊரார் தவிர எவர் துணிவார்கள்? நீதிமன்றத்துக்கு இது போதாது என்பதை நான் அறிவேன். மழைவிட்ட புழுக்கம், குறைத்த வேகம், இருமல், அந்தக் குளிர்ந்த குழாய். எனக்குப் போதும். உனக்கும் போதுமா?

பவானியை அழைத்து மூச்சு வாங்க எல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "ஆமா பெரிம்மா, எறங்கறதுக்கு முன்னாடி அந்தக் குமிழத்தான் இழுப்போம். மொத நாள்லேந்து அதான் பாடம்."

"அடி பாவி, தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். "பற" என்றேன்.

இனி செய்தி. சென்ற வாரம், உன் மகள் தனியாகப் பறந்தாள்!

நானும் ஏழுமலையும் பயிற்சிப் பள்ளியின் ஓடுதள வேலிக்கு வெளியே நின்றோம். பக்கத்து இருக்கை காலியாக, வெள்ளை விமானம் ஓடியது, எழுந்தது. அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வட்டம் அடித்து அது இறங்கத் திரும்பியபோது சத்தம் குறைந்தது. நம் கரையில் கேட்ட அதே குறைதல். "இழு, இழுடி, இழு" என்று வாய்விட்டே கத்தினேன். "அது இழுத்துருக்கும். நீ கம்முனு இரு தங்கச்சி, எனக்கு நெஞ்சு அடிக்குது" என்றார் அவர். சத்தம் குறைந்தபடியே தொடர்ந்தது, அறுந்து போகவில்லை. விமானம் தரையைத் தொட்டு, ஒரு முறை துள்ளி, ஓடி, நின்றது. தோழிகள் ஒரு வாளித் தண்ணீரை அவள் தலையில் கவிழ்த்தார்கள். தனியாகப் பறந்தவர்களுக்கு அங்கே அதுதான் மரியாதையாம். சொட்டச் சொட்ட ஓடிவந்து வேலி வழியாக என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "இழுத்தேன் பெரிம்மா, ரெண்டு வாட்டி செக் பண்ணேன்" என்றாள். உன் மூக்கு அவளுக்கு. சிரிக்கும்போது விடைக்கிறது.

ஆகவே உனக்குச் செய்த சத்தியத்தை நான் மீறவில்லை என்று இதன் மூலம் அறிவித்துக்கொள்கிறேன். புதிதாக இன்னொரு சத்தியமும் செய்து தருகிறேன். ஆட்களை ஏற்றிச்செல்லும் உரிமம் அவளுக்குக் கிடைக்கும் நாளில், அந்த விமானத்தின் முதல் பயணி நானே. உயரம் என்றால் எனக்கு எவ்வளவு அச்சம் என்பதை நீ அறிவாய். ஆயினும் அவள் பக்கத்தில் அமர்ந்து, இறங்கும் நேரத்தில் வெளியே ஏரியைப் பார்க்காமல், அவள் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன். உன் கண்ணாலும் சேர்த்து.

உன் மகளுக்குப் பெரியம்மாவும், உன்னோடு பிறக்காமலேயே உனக்கு அக்காவுமான,
ரஞ்சிதம்